சைரனை நம்பிய வீடு

சின்னண்ணனுக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரியண்ணன் மகளுக்கு ஒரு நாள் காது வலி. மூன்று வயசுப் பிள்ளை, காதுக்குள் பாசிமணி ஒன்றைத் திணித்து வைத்திருந்தாள். அண்ணி அதைக் கண்டுபிடித்து வெளியே எடுப்பதற்குள், சின்னண்ணன் காய்ச்சல், மூளைக்காய்ச்சல், ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டான். “சைரன் ஊதிடுச்சு, எல்லாரும் ஓடுங்க!” என்றேன். அம்மாகூடச் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையே “சைரன் சித்தப்பா” என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவனுக்கு வேலை குளிர்பான ஆலையில். கழுவின காலி பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் வெள்ளை வெளிச்சம் போட்ட கண்ணாடிப் பலகை. அதற்கு முன்னால் உட்கார்ந்து, கீறல் விட்டது, வாய் உடைந்தது, அடியில் அழுக்கு தங்கினது எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாக வைக்கவேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு கொடுத்து ஆள் மாற்றுவார்கள். அவனுடைய கண்ணுக்குத் தப்பிய பாட்டில் கிடையாது என்று அவன் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார்.

நாலு வருஷம் முன்னால், ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவனுக்கு நெஞ்சை அடைத்தது. விரல் நுனி மரத்துப்போய், மூச்சு மேலேயே நின்று, இதோ செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியதாம். பஸ்ஸை நிறுத்தி, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. அடுத்த மாதம் மறுபடி. அதற்கடுத்த மாதம் இரண்டு முறை. பயம்தான் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்கு ஒரு பெயரும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. எங்களிடம்தான் சைரன் இருந்ததே.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு வைத்தியம். அம்மா அவனோடு கூடப் போவாள். “உனக்கு ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவாள், ஆனால் போவாள். மொத்தம் பதினோரு முறை போயிருக்கிறாள். பெரியண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். “மைதானத்தைப் பத்து சுத்து சுத்து, நெஞ்சு தானா அடங்கும்” என்பார். ஒருநாள் நிஜமாகவே ஓடவிட்டார். மூன்றாவது சுற்றில் சின்னண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார, பிள்ளைகள் எல்லாம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால், “மூணு சுத்து ஓடினான் இல்ல?” என்பார். என் வைத்தியம் கிண்டல்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே மாடியில் இருந்த ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கட்டையான, மெதுவாகப் பேசுகிற அம்மாள். குடும்பத்தில் எல்லாரும் ஒரு தடவை வரவேண்டும் என்றார். நான் மட்டும்தான் போனேன். நான் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறேன். அன்று எனக்கு லீவு.

“அவர் ‘எனக்கு ஒண்ணும் இல்லையே’ன்னு கேக்குறார். நீங்க ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொல்றீங்க. பயம் அடங்கிடுது. அடங்கின பயம் நாளைக்கு இன்னும் பெரிய பசியோட வரும்” என்றார் ஆலோசகர். “அதனால பதில் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. கேலியும் பண்ணாதீங்க. பயம் வந்தா இருபது நிமிஷம் அவர் அதோட உக்காரட்டும். ஏறும், நிக்கும், இறங்கும்.”

எனக்கு அது பிடித்திருந்தது. அளவு எடுத்துத் துணி வெட்டுகிற மாதிரி ஒரு கணக்கு இருந்தது அதில். ‘இருபது நிமிஷம்’ என்று பெரிதாக எழுதி, அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐந்து மாதம். ஒரு முறைகூட ஆஸ்பத்திரி இல்லை. பரீட்சையில் அவன் வாங்கின மார்க் எனக்கே வந்த மாதிரி பூரித்துப்போனேன். கேலியை மட்டும் நான் விடவில்லை. மற்றபடி அந்த விதிக்கு நான்தான் போலீஸ்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் சின்னண்ணனும் இருக்கிற வீடு இரண்டாவது மாடியில், மூன்றே அறை. ஞாயிறு மதியம் எல்லாரும் அங்கே சாப்பிடுவது வழக்கம். நான் சீக்கிரமே போய்க் கூடத்து ஜன்னலுக்குப் புதுத் திரையை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். காய்ச்சல் அடித்தாலும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவாளே தவிர, லீவு போட்டுப் பழக்கமில்லை.

சின்னண்ணன் சமையலறை வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

“அம்மா, உனக்கு என்ன பண்ணுது?”

“பல்லுடா. ரெண்டு நாளா குடையுது.”

“ஒரு பக்கமா? தாடை முழுக்கவா?”

“உனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி? போய்ப் பேப்பரைப் படி.”

அவன் என்னிடம் வந்தான். ஸ்டூல்மேல் நின்றிருந்த என் கணுக்காலைத் தொட்டுக் கூப்பிட்டான்.

“குட்டி, அம்மா மேல்உதட்டுல வேர்வை பாரு.”

“அடுப்புகிட்ட நின்னா வேர்க்காதா?”

“அடுப்பே இன்னும் பத்த வைக்கல.”

எட்டிப் பார்த்தேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கத்தி பலகைமேல் கிடந்தது. பீன்ஸ் பாதி நறுக்கினபடி. அம்மா ஒரு வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். ஆனால் இந்த மாதிரிக் குரலை, இந்த மாதிரிக் கண்ணை, நான் நாற்பது தடவை பார்த்திருக்கிறேன். அம்மாவின் இருமலுக்குப் பார்த்திருக்கிறேன், என் தலைவலிக்குப் பார்த்திருக்கிறேன்.

“அண்ணா, மணி என்ன?” என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. முகம் சுருங்கியது.

“பதினொண்ணு பத்து.”

“பதினொண்ணரை வரைக்கும் பொறு.”

“இது என் பயமா, நிஜமான்னு எனக்கே தெரியலடி.”

“அதுக்குத்தானே அந்த இருபது நிமிஷம்?”

அவன் தர்க்கம் பண்ணவில்லை. கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. எதிரே சுவர்க்கடிகாரம்.

பதினொன்றேகாலுக்குப் பெரியண்ணன் வந்தார். அண்ணியும் பிள்ளையும் கடைக்குப் போய்விட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னார்.

“என்ன, சைரன் இன்னைக்கு ஊதாம இருக்கு?”

“பயிற்சியில இருக்கார். தொந்தரவு பண்ணாதீங்க” என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவின் காதில் விழுகிற ஒரு ஜோக்குக்கு அவள் உள்ளிருந்து பதில் கொடுக்காமல் விடமாட்டாள். அன்று உள்ளே சத்தமில்லை.

சின்னண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தான். அவன் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. தன் உடம்பு கத்துவதை அவன் அடக்குகிறான் என்று நினைத்து உள்ளுக்குள் அவனுக்குச் சபாஷ் போட்டேன்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு அம்மா கூடத்துக்கு வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் நின்று, பிறகு நடந்தாள். தண்ணீரில் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது முகம். சோபாவில் உட்கார்ந்து தாடையைத் தடவினாள்.

சின்னண்ணன் எழுந்துவிட்டான். “ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன்.”

பெரியண்ணன் அவன் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினார். “உன் லிஸ்ட்ல அம்மாவையும் சேத்துட்டியா? பல்வலிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்ட குடும்பம்னு ஊரே சிரிக்கும்.”

“அண்ணா, அவங்க முகத்தைப் பாரு.”

“பாத்தேன். பல்லு வலிச்சா முகம் அப்படித்தான் இருக்கும். உன் பயத்தை அவங்க தலையில கட்டாத.”

“சண்டை போடாதீங்கடா” என்றாள் அம்மா. குரல் தேய்ந்திருந்தது. “நாளைக்குப் பல் டாக்டரைப் பாத்துக்கறேன். நான் எங்கயும் வரல.”

சின்னண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை அது. நீயாவது உன் கண்ணால் பாரேன் என்கிற பார்வை.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

“இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு” என்றேன்.

இதைச் சொன்னது நான்தான்.

அவன் எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். வலது கையை நெஞ்சுமேல் வைத்தான்.

“அம்மா, எனக்கு வலிக்குது.”

“என்னடா?”

“வந்துருச்சும்மா. ரொம்ப அடைக்குது. கூட வாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அஞ்சு மாசம் நல்லா இருந்தான். எல்லாம் போச்சு!” எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐந்து மாதத்தையும் கீழே போட்டு உடைத்துவிட்டானே என்ற கோபம். “அண்ணா, விதி என்ன? மறந்துட்டியா?” என்று கத்தினேன்.

ஆனால் அம்மா எழுந்துகொண்டிருந்தாள். பதினோரு முறை போன கால் அது. அவள் தடுத்தாலும் நிற்காது. “எழுந்திருடா... அந்தப் பையை எடு... ஒண்ணும் இல்ல உனக்கு...” என்று மூச்சு வாங்கிக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். பெரியண்ணன், “நான் வரமாட்டேன், இந்தக் கூத்துக்கு” என்று சோபாவில் சாய்ந்தார். நான் செருப்பை மாட்டினேன். ஆலோசகரிடம் அவனைப் பற்றிப் புகார் சொல்லவேண்டும் என்றுதான் போனேன். வேறு காரணம் இல்லை.

மாடிப்படியில்தான் பார்த்தேன். பின்னாலிருந்து பார்க்க, அம்மா அவனைத் தாங்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. கிட்டே போனால் அவன் கைதான் அவள் அக்குளுக்கு அடியில் இருந்தது. பாரம் முழுக்க அவன் தோளில். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா நின்றாள். “நில்லுடா, உனக்கு மூச்சு வாங்குது” என்றாள். “ஆமாம்மா, எனக்குத்தான். மெதுவாப் போகலாம்” என்றான்.

நான் அவர்களைத் தாண்டி இறங்கி டாக்சி பார்க்க ஓடினேன்.

தெருமுனையில் டாக்சி கிடைத்தது. பின்சீட்டில் அம்மாவை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். அவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“இப்போ இடது கையும் வலிக்குதாம்மா?”

“உனக்குத்தானடா வலி?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

அம்மா தலையைத் திருப்பி அவனை உற்றுப் பார்த்தாள்.

“திருட்டுப் பய” என்றாள். பிறகு, “ஆமா, கையும் வலிக்குது” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அறுபத்தெட்டு, அறுபத்தேழு என்று நொடிகள் எதிரே குறைந்துகொண்டிருந்தன. “அண்ணே, போயிடுங்க” என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஹாரனை அழுத்திக்கொண்டு, வலது பக்கம் ஒதுங்கி, சிவப்பிலேயே கடந்துவிட்டார். சின்னண்ணனுக்கு இப்போது நிஜமாகவே மூச்சு தப்ப ஆரம்பித்திருந்தது. வாயைத் திறந்து காற்றைக் கடித்துக் கடித்து இழுத்தான். அம்மாவின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் இருந்த ஊழியர் அவனைப் பார்த்ததும் சிரித்தார். “என்ன சார், ரொம்ப நாளாக் காணோம்?”

“எனக்கில்ல. அம்மாவுக்கு. தாடை வலி, குளிர்ந்த வேர்வை, இடது கை வலி, அரை மணிக்கு மேல ஆச்சு.” மனப்பாடமாகச் சொன்னான். நாலு வருஷமாக அந்தப் பட்டியலைத் தன் உடம்பில் தேடித் தேடிப் படித்தவன்.

வயதான நர்ஸ் ஒருவர் வந்தார். அவனைத் தெரிந்தவர். அவன் உதடு வெளுத்து, கை உதறுவதைப் பார்த்து அவன் தோளைத்தான் பிடித்தார். “முதல்ல உக்காருங்க தம்பி. மூச்சை மெதுவா விடுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“என்னைப் பாக்காதீங்க! அவங்களைப் பாருங்க!”

அவன் போட்ட சத்தத்தில் அந்தக் கூடமே திரும்பியது. நர்ஸ் என்னைப் பார்த்தார். இது வழக்கமான கதைதானே என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். என் முகத்திலேயே நாலு வருஷம் இருந்தது.

“அவர் சொல்றது நிஜம்” என்றேன். “தயவுசெஞ்சு பாருங்க. நிஜம்.”

அப்போதுதான் நர்ஸ் அம்மாவின் பக்கம் குனிந்தார். நெற்றியில் புறங்கையை வைத்தார். அடுத்த நிமிஷம் சக்கர நாற்காலி வந்தது, திரை இழுக்கப்பட்டது. உள்ளே இயந்திரம் காகிதம் துப்புகிற சத்தம். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டர் வெளியே நடந்து போனார். திரும்பி வரும்போது ஓடி வந்தார்.

அம்மாவைத் தள்ளிக்கொண்டு போன பிறகு சின்னண்ணன் தாழ்வாரத்தில் சுவரோடு சரிந்தான். அவனுடைய வழக்கமான பயம் வந்துவிட்டது. நடுங்கினான், வேர்த்தான், “மூச்சு நிக்குதுடி” என்றான். நான் நேரம் பார்க்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஏறியது, நின்றது, இறங்கியது. எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரியண்ணன் வந்து சேர்ந்தபோது டாக்டர் வெளியே வந்தார். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று முழுசாக அடைத்திருந்ததாம். திறந்துவிட்டு, உள்ளே சின்னக் கம்பிவலை ஒன்று வைத்திருக்கிறோம், பிழைத்துக்கொண்டார்கள் என்றார்.

நான் டாக்டரின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். “ஒரு கால் மணி நேரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா...” என்று கேட்டேன்.

“எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனா வந்துட்டீங்க இல்ல?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பினால் சின்னண்ணன் நின்றிருந்தான். கேட்டிருப்பான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இன்றுவரை சொல்லவில்லை.

பெரியண்ணன் அவன் முன்னால் போய் நின்றார். பிள்ளைகளை விசில் ஊதி அதட்டுகிற மனுஷன், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டதும், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

இதோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான்.

அம்மா ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வீடு தலைகீழாகிவிட்டது. சைரன் என்று இனி யாரும் சொல்லக்கூடாது என்று பெரியண்ணன் உத்தரவு போட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. “அவன் கண்ணுக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூட இடைவேளையில், கழுத்தில் விசிலோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார். “இந்த மச்சம் பெருசாகுதா பாரு.” அண்ணி பிள்ளையின் நாக்கைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். அம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, “என் முகத்தைப் பாத்துச் சொல்லுடா” என்பாள். நாடி பிடித்துப் பார்க்கச் சொல்வாள். பார்த்துச் சொன்னால் ஒரு மணி நேரம் நிம்மதி. மறுபடி கையை நீட்டுவாள்.

நானும் விலக்கில்லை. குற்ற உணர்ச்சி என்னை வாட்டியது. ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளைக் கிழித்துப் போட்டேன். அவன் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன்.

விளைவு என்ன? அவன், “எனக்கு லேசா நெஞ்சு...” என்று இழுத்தால் போதும், பெரியண்ணன் பைக்கை எடுத்துவிடுவார். ஒரே மாதத்தில் நாலு முறை அவசரப் பிரிவு. நாலு முறையும் காகிதம் சுத்தம். முன்னாலாவது ‘ஒண்ணும் இல்ல’ என்று சிரிக்க நாங்கள் இருந்தோம். இப்போது அவன் பயத்தைப் பார்த்து நாங்களும் பயந்தோம். எங்கள் பயத்தைப் பார்த்து அவன் இன்னும் பயந்தான். கன்னம் ஒட்டிப்போனான். அம்மா தூங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஆலையிலிருந்து பாதி வேலையில் அனுப்பிவிட்டார்கள். கெட்ட பாட்டிலை விட்டதற்காக இல்லை. நல்ல பாட்டில்களை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கிவிட்டானாம். “எல்லாத்துலயும் கீறல் தெரியுதுங்கிறார். கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டும்” என்றார் மேற்பார்வையாளர்.

ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எல்லாவற்றையும் சொன்னேன். ‘இன்னும் ஆறு நிமிஷம்’ என்றதையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “அந்த விதி அவரோட பயத்துக்கு. வேர்த்துப் போய் உக்காந்திருக்கிற அம்மாவுக்கு இல்ல. அதை நான் தெளிவா சொல்லியிருக்கணும். என் தப்பும் இருக்கு” என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் இருக்கும்போது, பெரியண்ணன் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். “இங்க ஒரு பிடிப்பு. அழுத்திப் பாரேன்.”

சின்னண்ணன் தட்டைத் தள்ளிவைத்தான்.

“மாட்டேன்.”

“ஏன்டா?”

“நீங்க எல்லாரும் என்னை நம்புறதை நிறுத்துங்க.”

அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“ஒரு தடவை சரியா சொன்னேன். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை தப்பா சொல்லியிருக்கேன்? குட்டியைக் கேளுங்க. என் மண்டைக்குள்ள இருக்கிற மணி தீப்பிடிச்சாலும் அடிக்கும், தோசைக்கல் காஞ்சாலும் அடிக்கும். எனக்கு வித்தியாசம் தெரியாது. அன்னைக்கும் தெரியல.”

“தெரிஞ்சுதானடா கூட்டிட்டுப் போன?” என்றார் பெரியண்ணன்.

“அம்மா வேர்த்ததைப் பாத்துக் கூட்டிட்டுப் போனேன். நீயும் பாத்திருக்கலாம். கண்ணு எல்லாருக்கும் இருக்கு. என்னை டாக்டராக்காதீங்க. நான் செத்துடுவேன்.”

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. பெரியண்ணனுக்குக் கோபம் வந்தது. அழுகை வரும்போதெல்லாம் அவருக்குக் கோபம்தான் வரும். “சிரிச்சாலும் தப்பு, நம்பினாலும் தப்பு. வேற என்னதான்டா செய்யணும் உனக்கு?”

“தெரியல. சும்மா பக்கத்துல இரு. என்னை ஓடவிடாத. பைக்கும் எடுக்காத.”

“அப்புறம் ஒருநாள் நிஜமாவே உனக்கு நெஞ்சு வலிச்சா?”

எங்கள் எல்லாருக்கும் உள்ளே கிடந்த கேள்வி அதுதான்.

“ஆலோசகரும் டாக்டரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. எது எது வந்தா உடனே போகணும்னு. அது இருந்தா போவோம். மத்ததுக்குப் போகவேண்டாம்” என்றான். பிறகு, “அதுலயும் தப்பு நடக்கலாம் அண்ணா. அதோடதான் இருக்கணும்” என்றான்.

பெரியண்ணன் அன்று சாப்பிட்டாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் மச்சத்தைக் காட்ட அவர் தோல் டாக்டரிடம் போனதாக அண்ணி சொன்னாள்.

அம்மாதான் மசியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம். நான் கூடத்தில் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். சின்னண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். இன்னும் ஆலைச் சட்டையைக் கழற்றவில்லை. அம்மா சோபாவில் இருந்தபடி கையை நீட்டினாள்.

“நாடியைப் பாருடா.”

“காலையில மாத்திரை போட்டியா?”

“போட்டேன். பாரு.”

“டாக்டர் லிஸ்ட்ல சொன்ன மாதிரி எதாவது பண்ணுதா? வேர்வை, தாடை, கை?”

“அதெல்லாம் இல்ல. சும்மா பாரு.”

“பாக்கமாட்டேன்மா.”

அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. “பதினோரு தடவை உன்கூட ஓடியிருக்கேன்டா. ஒரு தடவை கையைப் பிடிக்க வலிக்குதா உனக்கு?”

அது குத்தியது. அவன் முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து நானே பிடித்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். என் ஊசி விரலில் ஏறியது.

அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நீட்டிய கையைப் பிடித்தான். மணிக்கட்டை இல்லை, விரல்களை.

“பயமா இருக்காம்மா?”

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை ஒருத்தரிடம் இன்னொருத்தர் கேட்டு நான் கேட்டதில்லை. ‘என்ன பண்ணுது’ என்போம், ‘ஒண்ணும் இல்ல’ என்போம். அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள். முப்பது வருஷம் அடுத்தவர் குரலை இணைத்துக் கொடுத்தவள், தன் குரலுக்கு இடம் தேடினாள்.

“சாயங்காலமானா வருதுடா” என்றாள். “இங்க, தொண்டைக்குக் கீழ. எல்லாரும் தூங்கின பிறகு நின்னுடுமோன்னு.”

“ம்.”

“உனக்கும் இப்படித்தான் வருமா?”

“இப்படியேதான்.”

“நாலு வருஷமாவா?”

அவன் தலையாட்டினான். அம்மா அவனைப் பார்த்தாள். அவளுக்குள் அந்தப் பதினோரு முறையும் ஓடியிருக்கவேண்டும். வழியெல்லாம் ‘ஒண்ணும் இல்லடா’ என்று சொல்லிக்கொண்டே போனது. கண் நிறைந்தது.

“எப்போ போகும் இது?”

“போகும். சில நாள் சீக்கிரம் போகும், சில நாள் இழுக்கும்.”

“இன்னைக்கு இழுக்கும்போல இருக்கு.”

“இழுக்கட்டும்மா. நான் எங்கயும் போகல.”

அம்மா பெருமூச்சு விட்டாள். அவளுடைய விரல்கள் அவன் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன, அவனுடையதும்தான். எது யாருடைய நடுக்கம் என்று இங்கிருந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காருடா, டி.வி. மறைக்குது” என்றாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான்.